நடுகல்லும் ஒரு பெயரும்

போரில் வீழ்ந்த இளைஞனை நினைப்பதால் இறந்தவனுக்கு என்ன கிடைக்கிறது? தமிழில் இது பழைய கேள்வி. தொல்காப்பியம் சடங்காகவே விடை தருகிறது: தகுந்த கல்லைக் கண்டு, எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்த வேண்டும். அந்தக் கல்லில் வீரனின் பெயரைப் பொறித்தார்கள். மயிற்பீலி சூட்டி, கள் படைத்தார்கள். மாண்டவன் அந்தக் கல்லில் தெய்வமாக நின்றான்.

நம் காலத்திலும் அப்படிப் பெயர் சொல்லி நினைக்க ஒருவர் உண்டு. தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன், காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் 2014 ஏப்ரல் 25 அன்று உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 31. 2015 குடியரசு தின விழாவில் அசோக சக்ரா விருதை அவர் மனைவி இந்து பெற்றுக்கொண்டார்.

இப்படி வீழ்ந்தவரின் ஆன்மா அழியாதது என்றால் ஏன் அழ வேண்டும், ஏன் பெயர் பொறிக்க வேண்டும்? தாம்பரத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்த இராமானுஜரின் தத்துவத்தில் இதற்கு விடை உண்டு. ஆன்மாக்கள் பல, முக்தியிலும் அவை ஒன்றில் ஒன்று கரைவதில்லை. ஒருவர் எப்போதும் அந்த ஒருவரே. பெயர் சொல்லி நினைப்பதற்கு இதைவிடத் திடமான அடிப்படை வேண்டியதில்லை.

அதே மோதலில் சிப்பாய் விக்ரம் சிங்கும் வீழ்ந்தார். முகுந்தை நினைப்பவர்கள் அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.