மறைப்பது கருணையா?

அந்தமானில், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட்பிளேயரை அடுத்துள்ளது கராச்சர்மா. அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று நலமாயிருந்த தாய்க்குத் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம். நோய் மூளைக்குப் பரவியிருப்பதை ஸ்கேன் காட்டுகிறது. மருத்துவர் மகனைத் தனியே அழைத்துச் சொல்கிறார். வெளியே வந்த மகன், "ஒன்றுமில்லை அம்மா, வெறும் பித்தம்தான்" என்கிறான்.

அன்பில் பிறந்த பொய் அது. அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வராது. ஆயினும் அதன் விலையைக் கொடுப்பவர் தாயே.

இந்நோய்க்குச் சிகிச்சை ஒரே வழியன்று. கட்டிகள் சிலவே எனில் அறுவை செய்யலாம்; அல்லது காமா நைஃப் போன்ற கருவியால் கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர் பாய்ச்சலாம். பலவாயின் மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு அளிப்பதுண்டு. அது நோயை அடக்கினாலும் நினைவாற்றலைக் குறைக்கக்கூடும். நினைவு மங்கினாலும் நாட்கள் நீள வேண்டுமா? கடல்வழியே சுமார் 1,190 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையில் விடுதி அறையில் மாதங்களைக் கழிப்பதா, வலிநீக்கும் மருந்துடன் தம் வீட்டிலேயே இருப்பதா? இவற்றுக்கு மகன் எவ்வாறு விடை கூறுவான்? மூளையைத் தாக்கும் நோயாதலால் முடிவெடுக்கும் தெளிவும் நாளடைவில் குன்றலாம். பேச்சைத் தள்ளிப்போடுவதற்கில்லை.

'எத்தனை மாதம்?' என்ற எண்தான் மகனை அச்சுறுத்துகிறது. 'ஹெர்-2' புரதம் மிகுந்த வகை நோய் மூளைக்குப் பரவியவர்களுக்கு, டுகாடினிப் என்ற மாத்திரையை மற்ற மருந்துகளுடன் சேர்த்து அளித்து ஆராய்ந்தனர். இடைநிலை ஆயுள் 12.5 மாதத்திலிருந்து 21.6 மாதமாக உயர்ந்தது. இடைநிலை என்பது கெடுவன்று. பாதிப்பேர் அதையும் கடந்து வாழ்ந்தனர். எல்லா வகை நோய்க்கும் இம்மருந்து பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணருக்கு 1885-ல் தொண்டையில் புற்றுநோய் கண்டது. 1886 ஆகஸ்டு 16-ல் மகாசமாதி. இடையே, ஜனவரி 1 அன்று, காசிப்பூர் தோட்ட இல்லத்தில் இல்லறத்தாருக்கு அருள்பொழிந்தார். நாம் கல்பதரு தினமாகப் போற்றுவது அந்த நோய்க்காலத்தின் ஒரு நாளையே.

அனைத்தையும் ஒரே மூச்சில் கொட்டுவது சத்தியமாகாது. "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், அம்மா?" என்று கேட்கலாம். "நீயே பார்த்துக்கொள், அப்பா" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவே. ஒருவேளை அவர் முன்பே ஊகித்திருப்பார். மகன் கலங்கக் கூடாதென்று தாமும் மறைத்துக்கொண்டிருப்பார்.