கேளாமல்

தமிழில் ‘கேள்’ என்ற வினைச்சொல் இரண்டு காரியங்களைச் செய்கிறது. காதால் வாங்கிக்கொள்வதும் கேட்பது. வாய் திறந்து அனுமதி கோருவதும் கேட்பது. திருக்குறளின் 42ஆவது அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்று பெயர்; அங்கே அது முழுக்கச் செவியின் விஷயம். இன்று அதே சொல் பரீட்சைத் தாளுக்கும் வக்கீலின் வாய்க்கும் போய்விட்டது. ஒருவன் கேளாமல் பாட்டை மாற்றினான் என்றால், மற்றவர்களின் அனுமதி பெறாமல் மாற்றினான் என்றும் கொள்ளலாம். ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்குக் காது கொடாமலே மாற்றினான் என்றும் கொள்ளலாம். மொழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. வாழ்க்கையில் இரண்டும் தனித்தனியே பிரிந்து நிற்கிற இடம் ஒன்று எனக்கு வாய்த்திருக்கிறது. அதை முன்வைத்து, இந்த இரண்டு கேளாமைகளில் எது பெரிய குற்றம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அவலூர்பேட்டையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே கூடம், மாடியில் தடுத்துத் தடுத்து அறைகள். கூடத்து மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. ஆம்ப்ளிஃபையருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் கம்பி போகிறது, அவ்வளவுதான். நாலு பேரும் சேகரித்த பாட்டுக்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ‘ம்யூஸிக் ப்ளேயர் டீமன்’ என்ற மென்பொருள் அதில் சதா ஓடிக்கொண்டிருக்கிறது. 2003இல் தொடங்கப்பட்டது, காசில்லாமல் கிடைப்பது, அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம். அது பாடும், ஆனால் தன்னை எதிலும் காட்டிக்கொள்ளாது. அதற்குக் கட்டளை கொடுக்க இன்னொரு நிரல் வேண்டும். எங்கள் அறைகளில் உள்ள கம்ப்யூட்டர்களில் ‘கன்டாட்டா’ என்ற நிரல் அந்த வேலையைச் செய்கிறது. ஜன்னல் மாதிரி திறந்துகொள்ளும். அதில் பாட்டுக்களின் பட்டியல், ஆல்பங்களின் அட்டைப் படங்கள், அடுத்தடுத்து வரப்போகிறவற்றின் வரிசை. நிறுத்தவும் தாண்டவும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் பொத்தான்கள். மாடியில் ஒருவர் விரல் அசைந்தால் கீழே கூடத்தில் பாட்டு மாறும்.

பின்னணியில் ஓயாமல் ஓடும் நிரல்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் ‘டீமன்’. மாக்ஸ்வெல் என்ற பௌதிக அறிஞர் தம் வாதம் ஒன்றுக்காகக் கற்பித்த பூதத்திலிருந்து எடுத்த பெயர் என்பார்கள். வேர் கிரேக்கச் சொல். ஸாக்ரடீஸ் தமக்குள் ஒலித்த ஒரு தெய்வக் குரலைப் பற்றிப் பேசியதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அந்தக் குரல் இதைச் செய் என்று ஒருபோதும் தூண்டியதில்லை. செய்யாதே என்று மட்டும் தடுத்தது. எங்கள் கூடத்துப் பூதம் அதற்கு நேர் எதிர். அது யாரையும் எதையும் தடுப்பதில்லை. கடவுச்சொல் ஒன்றும் வைக்காவிட்டால், அதை எட்டக்கூடிய எவரும் எதையும் செய்யலாம் என்பதே அதன் சுபாவம். ஒருவர் வரிசையை அழித்தால் மற்ற மூன்று ஜன்னல்களிலும் அந்தக் கணமே அது அழிந்துபோகும். வரிசை மாறிவிட்டது என்று பூதம் எல்லோருக்கும் செய்தி அனுப்பும். மாற்றியது யார் என்று சொல்லாது. சொல்ல மறுப்பதாக நினைக்க வேண்டாம். வரிசையில் ஒரு பாட்டைச் சேர்த்தவர் பெயரைக் குறித்து வைக்க அதில் இடமே கிடையாது. பாதியில் அறுபட்ட பாட்டுக்கு அங்கே ஆள் இல்லை.

இதன் புதுமையை உணர வேண்டுமானால், பொதுவில் ஒலிக்கும் பாட்டுக்கு முன்பெல்லாம் யார் கையில் சாவி இருந்தது என்று பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை நடத்தத் தொடங்கிக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தபோது, நின்று கேட்டவர்களுக்குத் திருகு கிடையாது. பின்னால் ஊர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. சின்ன அறை, உச்சியில் குழாய், அறைச் சாவி பஞ்சாயத்து ஆளின் இடுப்பில். 1952இல் பி. வி. கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு மந்திரியானார்; அந்த ஆண்டே அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக இல்லாமல் போயிற்று. கேஸ்கர் முறையாகச் சங்கீதம் பயின்றவர். ருசி இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. தம் ருசியை ஒரு தேசத்தின் காதுக்குச் சாவியாக்கினார் என்பதுதான் விஷயம். ஜனங்கள் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. திருகை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தோன்றியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆனால் சொந்தத் திருகு உள்ளவர்களுக்குத்தான் அந்த மறுப்பு சாத்தியமாயிற்று. பஞ்சாயத்துக் குழாயின் அடியில் உட்கார்ந்திருந்தவன் எங்கே திருப்புவான்?

பிறகு மைக்செட். மேல்மலையனூர் அமாவாசையானாலும் சரி, சின்ன ஊரின் கூழ் வார்த்தலானாலும் சரி, மைக்செட்காரர் இல்லாமல் இந்தப் பக்கத்தில் விசேஷம் கிடையாது. ஒரு பாட்டு வேண்டுமென்றால் அவரிடம் போய் நிற்க வேண்டும். ‘ணா, அந்தப் பாட்டப் போடுண்ணா’ என்று கேட்க வேண்டும். அவர் போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆனால் கேட்டவனுக்கும் போட்டவருக்கும் முகம் இருந்தது. கன்டாட்டாவின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த முகத்தை நினைத்து ஏங்கத் தோன்றும். கேட்டுச் செய்வதே தர்மம், கேளாமல் செய்வது காலத்தின் கோளாறு என்று ஒரு கட்டுரையை இத்தோடு முடித்துவிடவும் முடியும்.

எங்கள் நால்வரில் ஒருவர், இந்த மாவட்டத்திலேயே ஒரு காலனியில் பிறந்து வளர்ந்தவர், அப்படி முடிக்க விடவில்லை. “உங்களுக்கென்ன சார், நீங்க கேட்டா போட்டிருப்பாங்க,” என்றார். ஊர்த் திருவிழாவில் கட்டிய குழாய்களின் சத்தம் அவர்கள் தெருவுக்குத் தாராளமாக வரும். பாட்டு வேண்டுமென்று அவர்கள் போய் மைக்செட்டின் முன்னால் நிற்கத்தான் முடியாது. “சத்தம் எங்களுக்கும் சேத்துத்தான் சார். கேக்கறது மட்டும் உங்களுக்கு. இதுல எந்தத் தெரு ஆளுன்னு யாரும் பாக்கறதில்ல.”

கேட்பது என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களையும் நான் கட்டுரை எழுதிப் பிரிக்கப் பார்க்கிறேன். அவர் தெருவுக்கு அது முன்பே பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் சொன்னதற்கு எதிர்வாதம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அனுமதி கேட்பது என்றால் அனுமதி கொடுக்கிற ஒருவன் உண்டு என்று ஆகிறது. கேட்பவர்களை வாசலிலேயே தரம் பிரிக்கிறவனாகத்தான் அவன் நம் ஊர்களில் இருந்திருக்கிறான். நாம் ஏங்குகிற அந்த முகம் எல்லோருக்கும் ஒரே முகமாக இருந்ததில்லை. ஆக, முகமற்ற அந்த வரிசையில் ஒரு விடுதலை இருக்கிறது. கேளாமல் செய்யும் ஸ்வாதீனம், கேட்கவே வழியில்லாமல் இருந்தவர்களுக்கு ஒரு பேறு. அதை அநாகரிகம் என்று சொல்வதற்கு முன் சொல்கிறவர் தாம் எந்தத் தெரு என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, அனுமதி வேண்டாம். பெயராவது இருக்கட்டுமே என்று ஒரு யோசனை வரும். வங்கியில் எழுத்தராக இருக்கிறவனுக்கு இது சீக்கிரமே வரும். எங்கள் கம்ப்யூட்டரில் போடப்படும் ஒவ்வொரு பதிவிலும் போட்டவர் எண் இருக்கும். சரிபார்த்தவர் எண்ணும் இருக்கும். பத்து வருஷம் கழித்தும் விரலைத் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் பெயர் இருந்தால் பொறுப்பு வந்துவிடும் என்பது தணிக்கையாளரின் நம்பிக்கை. பணத்துக்கு அது போதும். பதிவு சரியாக இருப்பதற்கும், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் பாஸ்புக்கோடு நிற்கிற கிழவியின் காரியம் நடப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை எந்த எண்ணும் அளப்பதில்லை. பெயர் பின்னால் தண்டிப்பதற்கு உதவும். செய்கிற கணத்தில் செய்கிறவனுக்கு உள்ளே ஏதாவது நிகழ வேண்டுமே, அதற்குப் பெயர் உதவுவதாகக் காணோம்.

அப்படியானால் எது உதவும்? கூடத்துப் பூதத்தை அமைக்கும் கோப்பில் உரிமைகள் படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கின்றன: பட்டியலைப் பார்க்க, பாட்டைச் சேர்க்க, இயக்க, நிர்வகிக்க. யாருக்கு எது என்று கடவுச்சொல் மூலம் பிரித்துக் கொடுக்கலாம். கவனமாகச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் கேட்பவன் என்று ஒரு ஆள் அந்தக் கோப்பில் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது. பூதத்துக்குத் தெரிவதெல்லாம் தன்னோடு இணைந்திருக்கும் நிரல்கள். ஸ்பீக்கருக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்பதே அதற்குத் தெரியாது. ஆள்கிறவர்கள் அனைவரையும் அது அறியும். கேட்கிறவர் ஒருவரையும் அறியாது.

எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். நண்பர் ஒருவரின் தகப்பனார். மணிலாக் கொட்டை வியாபாரம் செய்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு புரிகிற மாதிரி வருவதில்லை. வலது பக்கம் அசைவில்லை. பகல் முழுக்கக் கூடத்தில்தான் படுத்திருக்கிறார். நாலு பேர் வைக்கும் பாட்டுக்கள் அத்தனையையும் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். அவருக்கு ஜன்னல் கிடையாது. சில பாட்டுக்களின்போது இடது கை மெல்ல எழும். நிறுத்து என்பதற்கா, இன்னும் கொஞ்சம் என்பதற்கா என்று மாடியிலிருந்து சொல்ல முடியாது.

இரண்டு கேளாமைகளும் இங்கே முழுசாகப் பிரிந்துவிடுகின்றன. அவரிடம் அனுமதி கேட்க முடியாது. கேட்டாலும் பதில் வராது. பெயர் பதிந்து வைப்பதால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் விஷயத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் விழுவதைத் தன் காதிலும் விழவிட்டு, அந்தக் கை எதற்கு எழுகிறது என்று பார்ப்பது. கூடத்துப் பாட்டை மாடியிலேயே காதில் மாட்டிக்கொண்டு கேட்கவும் அந்த மென்பொருளில் வழி இருக்கிறது. அதில் பாட்டு கேட்கும், கூடம் கேட்காது. குக்கர் விசிலோடும் மதிய வெக்கையோடும் கட்டிலின் முனகலோடும் சேர்ந்து அந்தப் பாட்டு என்னவாகிறது என்பது அங்கே இருப்பவனுக்குத்தான் தெரியும்.

இது ஒரு நோயாளியின் தனிக்கதை என்று ஒதுக்க முடியாது. பிறர் வைக்கும் ஒலிக்கு முன்னால் பெரும்பாலோர் பெரும்பாலான நேரம் இவரைப் போலத்தான் இருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் குழந்தை, குழாய் திரும்பியிருக்கும் தெருவில் விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவள். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. பிரார்த்தனையானாலும் ஒலிபெருக்கி வைத்துப் பிறர் அமைதியைக் கெடுக்க உரிமையில்லை என்று சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் அதே வருஷம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவை வேண்டியவையே. ஆனால் சட்டம் மணியைப் பார்க்கும், டெசிபலை அளக்கும். யாருக்காகவும் அது காது கொடுக்காது.

அனுமதி கேளாமல் செய்தது பல சமயம் மன்னிக்கத்தக்கது, சில சமயம் நியாயமும்கூட. செவி கொடாமல் செய்ததற்கு அந்தச் சலுகை இல்லை என்றே எனக்குப் படுகிறது. கேஸ்கரும் அனுமதி கேட்கவில்லை, என் நண்பரும் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றாகிவிடாது. காலனிக்காரர் தம் பாட்டைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தாமும் அங்கேயே உட்காருகிறார். மந்திரி தம் ருசியை அனுப்பிவைத்த கோடிக்கணக்கான கூடங்களில் அவர் ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை, உட்காரவும் முடியாது. அதிகாரம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை: தான் இருந்து கேட்க வேண்டியிராத இடத்தில் எது ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வசதி. கவிதைக்குக் காது கொடுக்காமல் கவிஞனைக் கேள்வி கேட்கும் விமர்சனம் நம் பத்திரிகைகளில் பழக்கமானது. அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

கூடத்துக்குக் கடவுச்சொல் வைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு எங்கள் வீட்டில் நடக்கிறது. நான் எதிர்க்கிறேன், மறுபடியும் ஒரு சாவி, ஒரு இடுப்பு என்றுதான் அது முடியும். மாடியிலிருந்து பாட்டை மாற்றுகிறவர் இறங்கி வந்து அந்த ஒரு பாட்டு முடியும்வரையாவது கூடத்தில் உட்காரட்டும் என்பது என் கட்சி. வேலை நாளில் இது நடக்கிற காரியமா என்று கேட்கிறார்கள். நடக்காத நாட்களில் ஜன்னலைத் திறக்காமல் இருக்கலாம். ஓடுகிற பாட்டு ஓடட்டும். இறங்கி வந்து உட்கார்ந்தவனுக்கு அதனால் எந்த உரிமையும் கூடிவிடாது. அடுத்த பொத்தானை அழுத்த வேண்டுமா என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.