தண்ணீரின் பூர்வீகம்

ஒருமுறை அழுக்கான தண்ணீர் மறுபடியும் சுத்தமாகுமா என்ற கேள்விக்குச் சோதனைக்கூடம் ‘ஆகும்’ என்கிறது. வீட்டு நடுக்கூடம் முகம் சுளிக்கிறது. கீழப்பாவூர் போன்ற ஒரு பேரூராட்சியில் இந்த முகச்சுளிப்புக்கு நியாயம் குறைவு. குற்றாலத்தில் விழுந்து, தென்காசியைக் கடந்து, பாவூர் அணைக்கட்டில் பிரியும் சிற்றாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் வட்டாரம் அது. அருவியில் சோப்பும் ஷாம்பூவும் தேய்க்கக் கூடாது என்று தடை போடவேண்டி வந்ததே, மேலே குளிப்பவர் கீழே இருப்பவருக்கு எதை அனுப்புகிறார் என்பதற்குச் சாட்சி. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. யாருமே தொடாத தண்ணீர் கடைமடைக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. ஆனாலும் கீழப்பாவூரின் பதினாறு கை நரசிம்மர் கோயிலின் தெப்பக்குளம் தீர்த்தம்தான். ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டில்லை என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அதில் விஷயம் இருக்கிறது: ஓட்டத்தில் காற்று கலக்கிறது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. ஆறு பல மைல் ஓடிச் செய்யும் அதே வேலையைத்தான் சுத்திகரிப்பு நிலையம் சில தொட்டிகளுக்குள் முடிக்கிறது. ஆற்றுக்குக் கொடுத்த மன்னிப்பைத் தொட்டிக்கு ஏன் மறுக்கிறோம்?

புனிதம் வேறு, சுத்தம் வேறு என்று ஆன்மிகவாதிகள் சொல்லலாம். சரிதான், சுத்திகரித்த தண்ணீரில் அபிஷேகம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, தென்னைக்குப் பாய்ச்சினால் போதும். ஆனால் சாணத்தையும் கோமியத்தையும் சேர்த்துப் பஞ்சகவ்யம் ஆக்கி, அதையே சுத்திக்கு உரியதாக வைத்த மரபு நம்முடையது. கழிவு உருமாறும் என்பதை அந்த மரபு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ளாமல் விட்டது மனிதர் விஷயத்தில். தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மனம்தான், ஆளைப் பார்க்காமல் பிறப்பைக் கேட்டது. மலக்குழிக்கென்று சில சாதிகளை ஒதுக்கி வைத்தது. அந்தக் குழிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-இல் சட்டம் தடுத்தது. அதன் பிறகும் சாவுகள் நிற்காமல், 2023-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்த நேர்ந்தது. தீட்டு என்ற சொல் யாருடைய உயிரைக் குடித்திருக்கிறது என்பதைத் தத்துவம் பேசுகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

அருவருப்பு நம்மை நோயிலிருந்து காத்ததே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். காத்தது உண்மை. ஆனால் அருவருப்புக்குக் கண்ணும் மூக்கும்தான் உண்டு. அடித்தளம் போடாத செப்டிக் டேங்கிலிருந்து மண்வழியே கசிந்து கிணற்றுக்குப் போகும் கிருமியை அது கண்டுகொள்வதில்லை. பளிங்குபோல் தெரிகிற தண்ணீரை மொண்டு குடிக்கச் சொல்கிறது. நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு சேர்க்கிறது. சிங்கப்பூர் 2003 முதல். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியும் ஒரு பேரூராட்சிதான். லாரியில் வரும் கசடு 2017 முதல் அங்கே உலர்படுக்கைகளில் காய்கிறது. குளியல், சமையலறைத் தண்ணீருக்கு வீட்டோரம் ஓர் உறிஞ்சுகுழியும் நாலு கல்வாழையும் இருந்தால் வாறுகாலில் பாதிச் சாக்கடை குறையும். செலவைக் காரணம் சொல்கிறவர்கள் கொடைவிழாவுக்கு வரி பிரிக்கும் வேகத்தையும் நினைத்துப் பார்க்கலாம்.

இதைப் படித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள்: உங்கள் வீட்டுச் செப்டிக் டேங்குக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.