தோண்டிய பூமிக்கு யார் கடன்காரர்?



கோலார் தங்கவயலில் பாட்டனார் வேலை செய்த ஒரு குடும்பத்தார், ஞாயிறு பூசை முடிந்தபின் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: "சுவாமி, பூமியைத் தோண்டிப் பொன் எடுத்தவர்கள் அதைச் சீர்செய்யாமல் விட்டுப்போனால், அது சட்டக் குற்றம் மட்டுந்தானா, பாவமுமா?" நாம் எல்லோரும் யோசிக்கத்தக்க கேள்வி இது.

முதலில் நடந்த காரியத்தைப் பார்ப்போம். தங்கவயலில் 1880 முதல் 2001 பிப்ரவரி 28 வரை 800 டன்னுக்கு மேல் பொன் எடுக்கப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போய் அங்கே உழைத்தார்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்தெடுத்தபின், மிஞ்சிய தூளை ஊருக்குப் பக்கத்திலேயே குவித்தார்கள். ஒரு டன் பாறையில் சில கிராம் பொன்னே கிடைக்குமானால், தூள் எவ்வளவு குவியும் என்று நீங்களே கணக்கிடலாம். இன்று 13 மேடுகளில் ஏறக்குறைய 3 கோடியே 30 இலட்சம் டன் கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அது பறந்து வீடுகளுக்குள் புகுகிறது. பொன் எங்கோ போயிற்று. தூள் மட்டும் ஏழைகளின் வாசலில் தங்கிவிட்டது.

இந்த மேடுகளை மேலிருந்தே வெட்டி, மிஞ்சிய பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-ஆம் ஆண்டில் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. ஏறக்குறைய 1,000 ஏக்கர் நிலம். ஆகவே நம் கேள்வி பழங்கதையைப் பற்றியதன்று.

பூமியிலிருந்து பொன் எடுப்பது பாவமா? இல்லை. ஆதியாகமம் ஏதேன் தோட்டத்தை வர்ணிக்கும்போதே நல்ல பொன் விளையும் நாட்டையும் குறிப்பிடுகிறது. ஆனால் அதே அதிகாரத்தில், மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டான் என்றும் காண்கிறோம். அவன் காவற்காரன், சொந்தக்காரர் சர்வேசுரன்.

"நிலம் என் பட்டாவில் இருக்கிறது, யாரிடம் திருடினேன்?" என்று ஒருவர் கேட்கலாம். பக்கத்துக் கிணற்றின் நல்ல நீரையும், குழந்தையின் மூச்சுக்காற்றையும், இன்னும் பிறவாதவர்கள் உழவேண்டிய மண்ணையும் எந்தப் பட்டா நமக்கு எழுதிக் கொடுத்தது? இவற்றைக் கெடுப்பது ஏழாம் கற்பனைக்கு உட்பட்ட காரியமே. "சுரங்கம் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டதே" என்பீர்கள். உண்மை, அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் கூலி உழைப்புக்கு உரியது. கொடுத்த கூலியால் கெடுத்த மண்ணின் கடன் தீராது.

பிறர் பொருளை எடுத்தவன் மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது, கூடியவரை திரும்பக் கொடுக்கவும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். சக்கேயு அழுதுவிட்டு நிற்கவில்லை. நாலத்தனையாய்த் திருப்பித் தர முன்வந்தான். ஆகவே சுரங்க நிலத்தைச் சீர்செய்வது தருமம் அன்று, பரிகாரம். தருமமானால் மனம் வந்தபோது செய்யலாம். கடனானால் தீர்த்தே ஆகவேண்டும்.

இந்தக் கடனுக்கு ஒரு விசேஷம் உண்டு: தோண்டுமுன்பே அதைக் கணக்கிட வேண்டும். கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்ப்பதைப்பற்றி நமதாண்டவர் சொல்லியிருக்கிறார் அல்லவா? மேல்மண்ணை முதலிலேயே வழித்துத் தனியே சேமிக்கவேண்டும். அது போனால் புல்லும் முளைக்காது. ஒரு பகுதியை வெட்டும்போதே முன் வெட்டிய பகுதியை மூடி வரவேண்டும். மழை அரிக்காதபடி சரிவை அமைத்து, நஞ்சுத் தூளின்மேல் நல்ல மண்ணைப் பரப்பி, வேர்பிடிக்கும் செடிகளை வளர்க்கவேண்டும். சுற்றிலுமுள்ள நீரைப் பல ஆண்டு சோதிக்கவேண்டும். இவற்றுக்கான பணத்தை ஆரம்பத்திலேயே ஒதுக்கவேண்டும். பொன் தீர்ந்தபின் பணப்பெட்டியைத் திறக்க யாரும் இருக்கமாட்டார்கள். நம் நாட்டில் சுரங்கத்தை மூடும் திட்டம் கட்டாயமானது 2003-இல்தான். தங்கவயல் அதற்கு முன்பே மூடப்பட்டது.

காலஞ்சென்ற பாப்பரசர் பிராஞ்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் பொன் சுரங்கங்களின் பாதரச நஞ்சைப்பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். இது தூரத்துச் சங்கதி என்று எண்ணாதீர்கள். நம் திருவெள்ளறையில் நாலுமூலைக் கேணி இருக்கிறது. ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கம்பன் அரையன் என்பவர் அதை வெட்டுவித்தார். உண்டது போக மிஞ்சியதை உலகுக்கு வைத்துப் போங்கள் என்னும் கருத்து அங்கே கல்லில் பொறித்திருக்கிறது. அதுவும் பூமியில் வெட்டிய குழிதான். ஆனால் வெட்டினவர் போனபின்னும் ஊருக்குப் பயன்பட்ட குழி.

உங்கள் நிலத்தில் கிராவல் வெட்ட யாராவது முன்பணத்தோடு வந்தால், "எவ்வளவு தருவீர்கள்?" என்பதற்கு முன், "குழியை எப்படி மூடுவீர்கள்?" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கலியாணத்துக்கு நகை செய்கையில், வீட்டிலுள்ள பழைய பொன்னை உருக்கிச் செய்ய முடியுமா என்று பாருங்கள். ஆத்தும சோதனை செய்யும்போது, "நான் எதை எடுத்தேன்?" என்பதோடு, "எதை விட்டுப்போகிறேன்?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வேசுரன் உங்களையும், நீங்கள் காக்கும் மண்ணையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு