ரசிகனும் புகையும்

டீசல் எஞ்சினை ரசிக்கிறவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. எண்ணிக்கையில் சொற்பம், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், வெளியாருக்குப் புரியாத பாஷை பேசுகிறவர்கள், அற்ப விஷயத்துக்காகத் தங்களுக்குள் வருஷக்கணக்கில் பேசாமலிருப்பவர்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இப்படியொரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்வது சிரமமாக இருக்காது என்று நினைக்கிறேன். இவர்களைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

நண்பர் ஒருவர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். 2003-லிருந்து 2010 வரை, விடுப்பு கிடைத்தபோதெல்லாம் வந்து செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் மீட்டர்கேஜ் வண்டியைப் படம் எடுத்தவர். குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்குவார். ஒரு தடவைகூட அருவியில் குளித்ததில்லை. விடிவதற்கு முன் எழுந்து ஆரியங்காவுக்கோ கழுதுருட்டிக்கோ போய், குகை வாயிலிலோ பதின்மூன்று கண் பாலத்துக்கு எதிரிலோ நின்றுகொண்டு, நாளுக்கு மூன்று நான்கு வண்டிகளுக்காகப் பொழுது முழுவதும் காத்திருப்பார்.

அவருடைய காதல் ஒய்.டி.எம்.4 என்ற எஞ்சினிடம். ஒய் என்றால் மீட்டர்கேஜ், டி என்றால் டீசல், எம் என்றால் பயணிகளுக்கும் சரக்குக்கும் பொது, நான்கு என்பது மாதிரி எண். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்து இறக்குமதியாகிப் பிறகு வாரணாசியில் தயாரானது. ஆறு சிலிண்டர், சுமார் 1400 குதிரைச் சக்தி. ஆல்கோ 1969-லேயே எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. பெற்றவன் போன பின்னும் பிள்ளைகள் நம் மலைகளில் நாற்பது வருஷம் உழைத்தன. பொன்மலை ஷெட்டிலிருந்து வந்த இந்த எஞ்சின்களை நண்பர் எண் வாரியாக அறிவார். ஒன்றின் ஹாரன் சற்றுக் கம்மியது, இன்னொன்றின் நெற்றியில் வெல்டிங் தழும்பு உண்டு என்று சொல்லுவார். சங்கீத ரசிகர்கள் வித்வான்களைப் பற்றிப் பேசுகிற அதே தொனி.

1904-ல் திறந்த பாதை இது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-ல்தான் இந்தப் பக்கம் வந்தது. மலையைத் துளைத்துக் கொல்லத்தையும் திருநெல்வேலிச் சீமையையும் இணைத்த மீட்டர்கேஜ், 2010 செப்டம்பரில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்டது. முழுப் பாதையும் மறுபடி திறக்க 2018 ஆயிற்று. இன்று தென்காசி ஸ்டேஷனில் தலைக்கு மேல் மின்கம்பி ஓடுகிறது. முன்பு நீராவி எஞ்சின்கள் போனபோது அவற்றின் ரசிகர்கள், டீசலுக்கு ஆத்மா கிடையாது, அது சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி என்று ஏசியிருக்கிறார்கள். இப்போது அந்தப் பெட்டிக்கு ஆத்மா வந்துவிட்டது. மின்சார எஞ்சினுக்கும் ஒரு நாள் வரும். போகப்போகிறது என்ற செய்தி வந்த பிறகுதான் ஒரு பொருளின் முகம் நமக்குத் தெரிகிறதோ என்னவோ. இதைப் பழசின் மேலுள்ள ஏக்கம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்குப் பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது.

நண்பருடைய படங்களில் அவரும் அவருடைய சகாக்களும் உச்சம் என்று கொண்டாடுகிறவை, எஞ்சின் கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஏற்றம் ஏறும் படங்கள். பச்சை மலை, சாரல், நடுவே கன்னங்கரேலென்று மேலெழும் ஒரு தூண். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புகை என்ன? டிரைவர் கைப்பிடியை ஒரு படி மேலே நகர்த்தியதும் சிலிண்டருக்கு எண்ணெய் உடனே அதிகமாகப் போகிறது. அதை எரிக்க வேண்டிய காற்றைத் தருவது டர்போ. டர்போ சுழல்வதோ எஞ்சின் வெளியே விடும் வாயுவின் வேகத்தில். ஆகவே எண்ணெய் முந்திக்கொள்ள, காற்று சில விநாடிகள் பின்தங்குகிறது. அந்த இடைவெளியில் அரைகுறையாக எரிந்த எண்ணெய்தான் புகை. இன்னும் செம்மையாகச் செய்த எஞ்சின்களில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. அவற்றை யாரும் மலையேறிப் போய்ப் படம் பிடிப்பதில்லை.

இன்னொரு உதாரணம். ஒய்.டி.எம்.4-க்கு ஓட்டுகிற அறை ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு முனைக்கு அருகில். ஒரு பக்கம் குட்டை மூக்கு, மறுபக்கம் எஞ்சின் முழுவதும் அடங்கிய நீண்ட மூக்கு. நீண்ட பக்கம் முன்னால் வருவதுதான் கம்பீரம் என்பது ரசிகர்களின் ஏகோபித்த அபிப்பிராயம். அப்படி வரும்போது டிரைவர் அத்தனை நீள இரும்புக்கும் பின்னால் உட்கார்ந்து, அதன் ஓரமாகத் தலையை நீட்டிப் பாதையைப் பார்க்கவேண்டும். வளைவில் ஒரு பக்கம் அவருக்கு அடியோடு மறைந்துவிடும். எதிர்ப்பக்கத்து உதவியாளர் பார்த்துச் சொல்லவேண்டும். வளைவே பாதையாக இருக்கும் மலையில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஆக, ரசனை பற்றிக்கொள்கிற இடம் அந்தப் பொருளின் குறையாக இருக்கிறது. சரியாக வேலை செய்கிற ஒன்றில் கண் வழுக்கிவிடுகிறது. எங்கே திணறுகிறதோ அங்கே நிற்கிறது. இது எஞ்சினோடு முடிகிற சங்கதியா? ஒழுகுகிற ஓட்டு வீட்டில் பாத்திரம் வைத்து மழை பிடித்ததைப் பற்றி எத்தனை கவிதைகளை நாம் அச்சிட்டிருக்கிறோம்! தண்ணீருக்குக் குடத்தோடு இரண்டு மைல் நடந்த பெண்ணின் இடுப்பு எத்தனை கதைகளில் வந்திருக்கிறது! குழாய் வந்த தெருவைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். நான் எழுதிய விமர்சனங்களிலேயே, ஒரு நாவலில் பசி வருகிற அத்தியாயத்தைத்தான் ‘வலுவானது’ என்று எடுத்துக் காட்டியிருக்கிறேன். அந்தச் சொல்லை எழுதும்போது எனக்குப் பசிக்கவில்லை.

குறை அந்தரத்தில் தொங்குவதில்லை. யாரோ ஒருவர் சுமந்துகொண்டிருக்கிறார். சுமப்பவர் ஒருவர், அதன் அழகை அனுபவிப்பவர் இன்னொருவர் என்றால், அந்த அனுபவம் நியாயமானதா என்பது கேள்வி.

இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. அழகுக்கும் நியாயத்துக்கும் சம்பந்தமே இல்லை, அழகியல் அனுபவம் பலன் கருதாதது என்பது ஒன்று. காண்ட் படித்தவர்களும் அவரைப் படிக்காமல் மேற்கோள் காட்டுகிறவர்களும் சொல்வது. ரசிகன் உழைப்பைச் சுரண்டுகிறான், காமிராவைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சங்கத்தில் சேரட்டும் என்பது மற்றது. இரண்டும் கேள்வியிலிருந்து தப்பிக்க உதவுகின்றன. வேறொன்றுக்கும் உதவக் காணோம்.

1844-ல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் போடக்கூடாது என்று வேர்ட்ஸ்வொர்த் ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். இயற்கையின் அழகு பிடிபடுவதற்கு நீண்ட பழக்கம் வேண்டும், தொழிலாளிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பயனில்லை, ஏரிக்கும் பயனில்லை என்பது அவருடைய வாதத்தின் ஒரு பகுதி. பி.ஏ. வகுப்பில் அவருடைய டாஃபடில்களை மனப்பாடம் செய்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதே 1844-ல் டர்னர், மழையும் புகையும் வேகமுமாக ஒரு ரயிலை வரைந்து லண்டனில் காட்சிக்கு வைத்தார். ஒருவருக்கு ரயில் அழகின் சத்ரு, மற்றவருக்கு ரயிலே அழகு. இரண்டு பேருக்கும் உள்ளே கரி அள்ளிப் போடுகிறவனோடு பேச எதுவும் இருந்திருக்காது.

நம் பக்கமும் அப்படித்தான். குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்கிறவள் குறத்தி. எழுதிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு அதற்காக நிலம் மானியமாகக் கிடைத்தது. ரசனையை ஒரு வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்டு குற்றாலத்தில் வாழ்ந்து, 1954-ல் மறைந்த டி.கே.சி.யை நினைத்துப் பார்க்கிறேன். பண்டிதர்களிடமிருந்து கவிதையை மீட்டு, காது உள்ளவன் எவனும் அனுபவிக்கலாம் என்று சொன்னவர். அந்த வகையில் வேர்ட்ஸ்வொர்த்துக்கு நேர் எதிர். ஆனால் அவரே கம்பனைப் பதிப்பித்தபோது, தன் மனசுக்குக் கவியாகப் படாததையெல்லாம் இடைச்செருகல் என்று வெட்டி எறிந்தார். ரசிகன் கையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. வேண்டாததை நீக்கினால்தான் அவனுக்கு வேண்டியது நிற்கும்.

நண்பருடைய கத்தரிக்கோலை நான் கண்டுகொண்டது சென்ற ஆனியில். தென்காசியில் என் பெரியப்பா இருக்கிறார். ஃபயர்மேனாகச் சேர்ந்து, டீசல் உதவியாளராகி, டிரைவராக 2007-ல் ஓய்வு பெற்றவர். நண்பரை அவரிடம் அழைத்துப் போனேன். நல்ல சாரல். நண்பர் தன் பழைய படங்களை ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். பிலிமில் எடுத்து அச்சுப் போட்டவை, பின்புறம் பென்சிலால் தேதியும் எஞ்சின் எண்ணும். பரிசு கொடுக்கிறவரின் முகத்தோடு ஒவ்வொன்றாக நீட்டினார்.

பெரியப்பா முதல் படத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பகவதிபுரத்துக்குப் பக்கத்தில் மழையில் ஏறுகிற வண்டி. “தண்டவாளம் நனைஞ்சு கெடக்கு,” என்றார். பிறகு, “மணல் வச்சிருந்தானோ என்னமோ.” ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் பிடிக்காமல் சும்மா சுழலும், எஞ்சினில் உள்ள பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவி ஏற்றவேண்டும், மணலே நமத்துப்போனால் அதுவும் இறங்காது. பின்னால் தள்ளுகிற எஞ்சின்காரனும் முன்னால் இருக்கிறவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஹாரன் சத்தத்தை வைத்து ஒத்துப்போகவேண்டும். குற்றாலத்துக்கு ஊர் ஊராக ஜனங்கள் தேடிவருகிற சாரல், அவருக்கு முப்பது வருஷம் இதுவாக இருந்திருக்கிறது. இதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சாரலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாக ஒரு தகவல், அவ்வளவுதான்.

அடுத்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது யாரு ஓட்டுதா?”

நண்பருக்குக் கேள்வி புரியவில்லை. எஞ்சின் எண்ணைச் சொன்னார்.

“அது சரி தம்பி, ஓட்டுதது யாரு?”

பெட்டி முழுவதும் பார்த்தோம். இருநூறு படங்களாவது இருக்கும். ஓட்டுகிற அறையின் ஜன்னல் எல்லாவற்றிலும் ஒரு கறுப்புச் சதுரம். ஒன்றிரண்டில் ஒரு முழங்கை. கொடி காட்டுகிற ஸ்டேஷன்காரர் இல்லை, கேங்மேன் இல்லை, ஏறி இறங்குகிற வியாபாரிப் பெண்கள் இல்லை. ஆள் விலகட்டும் என்று தான் காத்திருந்து எடுத்ததாக நண்பரே சொன்னார். சொல்லும்போது அவர் குரல் சற்று இறங்கியது. 2010-ல் கடைசி வாரம் முழுவதும் அங்கேயே இருந்து கண்ணீர் விட்டவர் அவர். மலையில் சின்ன ஸ்டேஷன்களை நம்பி இருந்தவர்களுக்கும் அது துக்கம்தான். ஆனால் அவர்கள் துக்கப்பட்டது எந்த எஞ்சினுக்காகவும் இல்லை. எட்டு வருஷம் வண்டியே வராததற்காக.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் ரசிகன் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்கும். எனக்கும் சௌகரியம். ஆனால் பெரியப்பா படங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பின்புறம் எழுதியிருந்த தேதிகளைப் படிக்க ஆரம்பித்தார். ரயில்வேயில் யாருக்கு எந்த நாள் எந்த வண்டி என்பது ஒரு சுற்று. முப்பது வருஷம் அந்தச் சுற்றில் இருந்தவர். விரல்விட்டு எண்ணி, “இந்த வாரம் எனக்கு மதுரைப் பக்கம். அப்ப இது அவன்தான்,” என்று ஒரு பெயரைச் சொன்னார். நண்பர் பென்சிலை எடுத்து எஞ்சின் எண்ணுக்குக் கீழே எழுதிக்கொண்டார். அந்தத் தேதிகளை ஒரு பைத்தியக்காரனைத் தவிர வேறு யார் குறித்து வைத்திருப்பார்கள்? குறித்து வைத்திருக்காவிட்டால் அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்திருக்கும்? ஏழெட்டுப் படங்களுக்குப் பெயர் கிடைத்தது. மற்றவற்றுக்கு, “தெரியலயே,” என்று உதட்டைப் பிதுக்கினார்.

நண்பர் தன் உச்சம் என்று கருதுகிற படத்தைக் கடைசியில்தான் கொடுத்தார். அதே கரும்புகை, மலையையே மறைத்துக்கொண்டு. அதன் பின்புறம் தேதி அழிந்திருந்தது. பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்தார். எஞ்சின் கோளாறு என்று சொல்லப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

“ஒவ்வொரு நாட்சா தொறக்க மாட்டான். ஒரேயடியா இழுத்துருவான். எத்தனை மட்டம் சொல்லியிருக்கேன். எண்ணெயப் பூராவும் பொகையா விடுதியேன்னு.”

பெயரைச் சொன்னார். நண்பர் எழுதுவதற்கு முன், “நெசமாவா ஐயா? புகையப் பாத்தே சொல்லுதீங்களா?” என்று கேட்டார்.

“வேற யாரு இப்படித் தொறப்பா?” என்றார் பெரியப்பா. அந்த ஒரு படத்தை மட்டும் தனக்குப் பிரதி போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார்.