உள்ளே ஓடும் பொழுது

சாத்தான்குளத்தை அடுத்த தேரிக்காட்டில் பதநீர் இறக்கும் பனையேறிக்கு விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்தாக வேண்டும். அங்குள்ள விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. துறைமுகத்துக்கோ இரவு, பகல் என்ற கணக்கே கிடையாது. ஒவ்வொருவர் தூக்கமும் வெயிலாலோ விதியாலோ முதலாளியாலோ தீர்மானிக்கப்படுகிறது. இதில் உடம்பு என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. எம். கே. சந்திரசேகரன், 1937இல் பிறந்த விலங்கியலாளர். அவர் தொடங்கிய இடம் கடற்கரை.

சென்னைக் கடற்கரையில் அலை வந்து போகும் ஈர மணலில் புதைந்து வாழும், நண்டினத்தைச் சேர்ந்த ஒரு சிறு ஓட்டுயிர், எமெரிட்டா ஏசியாட்டிகா. கடல் ஏறி வடியும் ஓதத்தோடு அதன் வாழ்வும் பிணைந்தது. அதைக் கொண்டுவந்து ஓதமே இல்லாத தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்? வெளியே கடல் பொங்கி வடியும் அதே கணக்கில் உள்ளே அதன் சுறுசுறுப்பும் மூச்சும் கூடிக் குறைந்தன. ஓதம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அந்தத் தள்ளலைக்கூட விரல் நீளம் வராத ஓர் உயிர் தன்னுள் வைத்திருந்தது. 1965இல் இந்த முடிவுகள் ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில் வெளியாயின.

பிறகு ஜெர்மனியின் டூபிங்கனில் பழ ஈக்களோடு சில காலம். அங்கிருந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகம். கடலில்லாத ஊரில் அவருக்கு வாய்த்தது பக்கத்துச் சமணர் மலைக் குகையும் அதில் அடையும் வௌவால்களும்.

அவருடைய ஆய்வுகளில் மனத்தை விட்டு அகலாதது இதுதான். வெளிச்சம் எட்டாத குகையின் உட்பகுதியில் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். சூரியன் எப்போது விழுகிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஆனால் கூட்டம் அந்தியில் கிளம்புவதும் விடியலில் திரும்புவதும் அதைச் சுற்றி நடந்தன. கூண்டு வௌவால் கூட்டத்தின் நேரத்தையே பிடித்துக்கொண்டது. கூட்டமில்லாத இடத்தில் தனியாக வைத்தபோது, அது தன் உள்கணக்குப்படி நாளுக்கு நாள் விலகிப் போனது. ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் ஆகியோருடன் அவர் எழுதிய இந்தக் கட்டுரை 1978இல் வந்தது. துணை இருந்தால்தான் பொழுது தெரியும் என்பது, ஊருக்குத் தொலைவில் தனி அறையில் இரவு வேலை பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

அடுத்து மனிதர்கள். கடிகாரம், வானொலி, செய்தித்தாள், ஜன்னல் எதுவுமில்லாத தனியறை ஒன்று பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது. விரும்பி வந்தவர்கள் பல நாட்கள் அதில் தங்கி, தோன்றியபோது தூங்கி, தோன்றியபோது எழுந்தார்கள். ஜெர்மனியில் யூர்கன் ஆஷாஃப் 1960களில் நிலவறை கட்டிச் செய்த அதே வகைச் சோதனை. இப்படித் தனித்திருப்பவர்களில் சிலருக்குத் தூக்கமும் விழிப்பும் 24 மணி நேரத்தை விட்டு வெகுதூரம் நீண்டுவிடுகின்றன. உடல் வெப்பமோ தன் பழைய சுழற்சியிலேயே நிற்கிறது. ஒரே உடம்பில் இரண்டு நேரங்கள்! அங்கே தங்கிய ஒரு பெண்ணின் மாதவிலக்குச் சுழற்சி, தூக்க விழிப்புச் சுழற்சியோடு பிணைந்ததல்ல என்பதும் 1991இல் வெளியானது.

கரை, குகை, படுக்கையறை: வெளியிலிருந்து பார்த்தால் துறை மாறி மாறிப் போன மனிதர். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரே கேள்வி. வெளியே உள்ள அடையாளத்தையெல்லாம் எடுத்துவிட்டால் உயிர் எதை வைத்து நேரம் பார்க்கும்? நண்டினத்திடம் கேட்டதையே மனிதனிடமும் கேட்டார். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார். 2009இல் காலமானார். இந்த உள் கடிகாரத்தை இயக்கும் மூலக்கூறு நுட்பத்தை ஈக்களில் கண்டவர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அறிவு தொழிலாளியின் ஷிப்ட் அட்டவணை வரை இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம். நேரம் மாறினால் உடம்பு ஈடுகட்டுவது நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரமே. இரவுப் பணிக்கு உடம்பு பழகும் முன்பே வாரம் முடிந்து பகல் பணி வந்துவிடுகிறது. இரவு ஷிப்ட் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வகைப்படுத்தியது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் இரவில் நிற்க முடியாதுதான். ஆனால் யாரை, எத்தனை இரவு, எத்தனை நாள் ஓய்வோடு பணியில் அமர்த்துவது என்பதை அட்டவணை எழுதுகிறவர் மாற்றலாம். அதற்குத் தேவையான கணக்கு ஆய்வுக்கூடங்களில் எப்போதோ தயாராகிவிட்டது.