பணிவிடையும் ஊழியமும்

அய்யா உண்டு.

பசித்தவனுக்கு அன்னம் இடுவது தர்மம். அவன் என்றைக்கும் கை நீட்டியே இருக்கும்படி விட்டுவிடுவதும் தர்மந்தானா?

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மம் நடக்கும்போது அவர்களை யாரும் ஒதுக்குவதில்லை. சமபந்தியில் அவர்களுக்கும் ஓர் இலை உண்டு. அது அய்யா காட்டிய வழி. ஆனால் இலை எடுத்த பிறகு அந்தப் பிள்ளையின் நாளைய பாட்டை நினைப்பவள் பெற்ற தாய் மட்டுமே. “என் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார்?” என்பதே அவள் அய்யாவிடம் வைக்கும் விண்ணப்பம்.

அய்யா வைகுண்டர் வாழ்ந்த காலத்தில் திருவிதாங்கூர் ஆட்சி, தாழ்த்தப்பட்ட மக்களிடம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கியது. அதற்கு ஊழியம் என்று பெயர். அய்யா அதை எதிர்த்தார். மன்னனின் சிறையிலும் இருந்தார். அந்த ஊழியம் ஒழிந்துவிட்டது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் கடைவீதியில் இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மூட்டை இறக்கச் சொல்லி, ஒரு சாயாவும் வடையும் கொடுத்து அனுப்புவது எதில் சேரும்? “அவனுக்குக் காசு எண்ணத் தெரியாது” என்பது ஒரு காரணமா? அன்று கேட்க முடியாதவர்களிடம் வாங்கினார்கள். இன்று கேட்கத் தெரியாதவர்களிடம் வாங்குகிறார்கள்.

பதியில் எல்லாரும் கூலி இல்லாமல்தானே பணிவிடை செய்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். பணிவிடை செய்பவருக்கு வெளியே ஒரு பிழைப்பு உண்டு. தம் விருப்பத்தால் வருகிறார், வேண்டும்போது போகிறார். வேறு பிழைப்பும் இல்லாமல், மாட்டேன் என்று சொல்லவும் தெரியாமல் தினமும் வேலை செய்பவனுடையது பணிவிடை ஆகாது. பதியிலும் இந்த வேற்றுமையை நினைவில் வைப்பது நல்லது.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை ஒதுக்கீட்டில் மனவளர்ச்சி குன்றியோருக்கு இடமே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கியது. அதில் ஆட்டிசம், மனநோய் முதலியவற்றோடு சேர்த்து இவர்களுக்கு 1 சதவீதம் உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்ற சான்று வேண்டும். ஆனாலும் அரசு வேலை எல்லாருக்கும் எட்டாது. ஆகவே கடையும் தோப்பும் பட்டறையும் வைத்திருக்கும் அன்புக்கொடி மக்களே கை கொடுக்க வேண்டும்.

இவர்களால் முடியாது என்பது பார்க்காமல் சொல்லும் பேச்சு. பூக்கட்டு, கயிறு திரிப்பு, மளிகைப் பொட்டலம், நாற்றுப்பை நிரப்புதல் என்று எத்தனையோ வேலைகள் உண்டு. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டும். முதல் சில வாரம் ஒருவர் பக்கத்தில் நின்று, பழகப் பழக விலகிக்கொள்ள வேண்டும். இடமும் நேரமும் அடிக்கடி மாறக் கூடாது. மற்றவருக்கு நூறு பைக்கு என்ன கூலியோ அதுவே அவனுக்கும். அதை அவன் பெயரில் வங்கிக் கணக்கில் போடலாம். கொஞ்சமாவது அவன் கையிலும் கொடுக்க வேண்டும்.

தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவதையே அய்யா தர்மம் என்றார். நிற்கத் தொடங்கியவன் பிறகு வாங்குகிறவனாக மட்டும் இருக்க மாட்டான். தன் கூலியில் ஒரு படி அரிசி வாங்கி, அவனும் அன்னதர்மத்துக்குக் கொண்டுவருவான்.

அய்யா உண்டு.